நாலு பேர், நாலு அபிப்பிராயம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர் யாரோ, அறியேன். ஆனால் ஒன்று நிச்சயம். அவர் தாம் கட்டிய வீட்டில் அதிக காலம் குடியிருந்தவர் அல்லர். இருந்திருந்தால், "பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பார்" என்பதை முதலில் வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் சில்லறை விஷயங்கள் என்று தள்ளியிருப்பார்.

2023-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு நாள் இரவு, மணி சுமார் இரண்டு இருக்கும், என் தாயார் என்னை எழுப்பினாள். அவள் படுக்கும் அறையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கொண்டிருந்தது. ஒழுக்கு என்றால் பழைய வீட்டில் அதிசயமில்லை. ஆனால் அன்று தண்ணீரோடுகூட உள்ளங்கை அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து, அவள் தலையணைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து கிடந்தது. அம்மா கட்டிலைச் சற்று நகர்த்தி, சொட்டு விழும் இடத்தில் ஒரு பித்தளைப் போகிணியையும் வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்பியிருந்தாள். கூடத்தில் வந்து படுக்கும்படி மன்றாடினேன். "உன் அப்பா இருந்த அறை, எனக்கு இங்கேதான் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீடு 1931-ல் என் கொள்ளுப் பாட்டனார் கட்டியது. அதன் கூரை, எஞ்சினீயர்கள் "மெட்ராஸ் டெரஸ்" என்று குறிப்பிடும் வகையைச் சேர்ந்தது. இந்தக் கூரையில் இரும்பும் கிடையாது, ஸிமெண்டும் கிடையாது. சுவருக்குச் சுவர் தேக்கங்கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் கொண்ட சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து வைத்து மூலைவாட்டமாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஸ்திரீகள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். ஓங்கித் தட்டினால் கட்டை துள்ளி எழும்ப வேண்டும், அதுவரையில் விடமாட்டார்கள். கடைசியில் தட்டோடு பதித்து, மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் பார்ப்பார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் நூறு வருஷம் தாங்கும் கூரை இது. "ஒழுங்காக" என்ற சொல்லில்தான் சங்கடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மழை சற்று ஓய்ந்ததும் முதலில் வந்தவர் ஒரு காண்டிராக்டர். காரில் வந்தார். கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்தார். கைத் தொலைபேசியில் நாலு படம் பிடித்தார். "ஸார், மரத்தின் ஆயுள் முடிந்து போய்விட்டது. இந்தக் காலத்தில் யார் ஸார் கட்டை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? பின்கட்டு இரண்டு அறையையும் இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டு விடலாம். ஐம்பது வருஷத்துக்கு நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். எஸ்டிமேட்டு 11 லட்சம் ரூபாய். காகிதத்தில் "கூரை வேலை முழுவதும்" என்று ஒரே வரிதான் இருந்தது.

இரண்டாவதாக வந்தவர், கூரைக்கு ரசாயனப் பூச்சுப் பூசுகிறவர். பளபளப்பான வர்ணப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். மாடிக்கு ஏறினார், ஓடுகளின் மேல் நடந்து பார்த்தார். "கட்டைக்கு ஒன்றுமில்லை, ஸார். மேலே விரிசல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று கோட்டிங் கொடுத்தால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. பத்து வருஷம் காரண்டி எழுதித் தருகிறேன்" என்றார். 1 லட்சத்து 20 ஆயிரம். மூன்றே நாளில் முடித்துவிடுவதாகவும் சொன்னார்.

மூன்றாவது ஆசாமி, எழுபது வயதான ஒரு மேஸ்திரி. காண்டிராக்டர் காலால் தொடாத மாடியில் அவர் ஒரு மணி நேரம் இருந்தார். சுத்தியலால் அங்கங்கே தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். இறங்கி வந்து, "வாத்தியாரய்யா, மேலே இருக்கிற ஸிமெண்டு ஓட்டை யார் போடச் சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "அதைப் பேர்த்தெடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்புத் தளம் போட்டால் வீடு பிழைக்கும். இல்லாவிட்டால் பிழைக்காது" என்றார். வேலை இரண்டு மாதம் பிடிக்கும். சுமார் 3 லட்சம் ஆகலாம். ஆனால் கொத்தாகப் பேசமாட்டார், நாள் கூலிதான். "திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்; தெரியாததற்கு எப்படி விலை சொல்வது?" என்றார். இதைக் கேட்டு அன்று எனக்கு எரிச்சல் வந்தது. காண்டிராக்டர் காரை விட்டு இறங்கின ஐந்தாவது நிமிஷத்தில் விலை சொன்னாரே!

நாலாவதாக ஒருவர் அபிப்பிராயம் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை. சமையலறைக் குழாயைச் சரி செய்ய வந்த இளைஞன் அவன். மாடிக்குப் போய் வந்தவன், "ஸார், கூரை ஒழுகவில்லை, உங்கள் தொட்டிதான் ஒழுகுகிறது" என்று சொன்னான். அடைமழையில் வீடு முழுவதும் நனைந்திருக்கும்போது, தொட்டி ஒழுகுகிறதாம்! என் மனைவி சிரித்தாள்; நானும் சிரித்தேன்.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வர்ணிக்க வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பம் உள்ள நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். என் மனைவி கான்கிரீட் கட்சி. "ஒரு தடவை செலவு செய்தாலும் நிம்மதியாகச் செய்ய வேண்டும், இன்னொரு காரை அம்மாவின் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்றாள். கல்லூரியில் சேர வேண்டிய என் பெண் ரசாயனப் பூச்சுக் கட்சி. 11 லட்சத்தில் தன் படிப்புச் செலவு கரைந்து போகும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். அவள் கணக்கில் பிழை இல்லை; வங்கியில் இருந்ததே 9 லட்சம்தான். அம்மா மேஸ்திரியின் கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லாமல், கடைசியாகப் பேசினவர் சொன்னதே சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வகுப்பில் காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் விடை வெகு நேர்த்தியாக இருந்தது. ஆனால் அது ஐந்தாவது கேள்விக்கு உரிய விடை. அவன் எழுதி வைத்ததோ ஆறாவது கேள்விக்கு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் வீட்டுக்கு வந்த மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறார்கள்! காண்டிராக்டர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி: "இந்த மனுஷர் ஐம்பது வருஷம் கூரையை மறந்திருக்க என்ன வழி?" பூச்சுக்காரரின் கேள்வி: "அடுத்த மழைக்குள் ஒழுக்கை நிறுத்த என்ன வழி?" மேஸ்திரியின் கேள்வி: "இந்த வீடு எப்படி இருந்தது, மறுபடி அப்படி ஆக்க என்ன வழி?" மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டிருக்க வேண்டுமோ, அதை நான் கேட்கவே இல்லை. "என்ன செய்யலாம்?" என்றுதான் எல்லோரையும் கேட்டேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. என்ன செய்யலாம் என்று ஒருவரைக் கேட்டால், அவர் தமக்குத் தெரிந்த வேலையைத்தான் சொல்வார். தையற்காரரிடம் போய் ஜலதோஷத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கம்பளிச் சட்டை தைத்துக்கொள்ளச் சொல்வார் அல்லவா?

பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவரின் மாமனார், பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்து வந்தேன். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "எனக்குப் பீஸ் 5,000 ரூபாய். வேலை எடுத்துச் செய்ய மாட்டேன். யாரையும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். சம்மதமா?" சிநேகிதரின் மாமனாராயிற்றே என்று காப்பியோடு முடித்துக்கொள்ள நினைத்திருந்த எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் இந்த விவகாரத்தில் நான் செலவழித்த பணத்திலெல்லாம் உருப்படியான பணம் அந்த 5,000-தான். அபிப்பிராயத்தை இலவசமாகக் கொடுக்கிறவர்கள், அதன் விலையை வேறெங்கோ சேர்த்துத்தானே வாங்கிக்கொள்ள வேண்டும்?

அவர் மூன்று எஸ்டிமேட்டுகளையும் படித்தார். பிறகு ஒரு காகிதத்தில் நாலு கேள்விகள் எழுதி, மூவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதி வாங்கச் சொன்னார். தண்ணீர் எங்கே புகுகிறது? அது உமக்கு எப்படித் தெரியும்? உம் ஊகம் தவறாயிருந்தால் என்ன ஆகும்? உம் காரண்டியில் எதெது சேராது? ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் சொன்ன காரணத்தை இன்னொருவரிடம் தாராளமாகச் சொல்லலாம் என்றும் விதித்தார்.

இந்தக் கேள்விகள் செய்த வேலையை என்னவென்று சொல்வது? காண்டிராக்டர், "எங்கே புகுந்தால் என்ன ஸார், எல்லாவற்றையும்தானே இடிக்கப் போகிறோம்?" என்றார். அது ஒரு விதத்தில் நியாயமான பதில்தான். பூச்சுக்காரரின் காரண்டியில், "கட்டிடத்தின் அசைவினால் ஏற்படும் விரிசலுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வரி இருப்பது தெரிய வந்தது. மரக்கட்டை வெயிலிலும் மழையிலும் அசையாமல் என்ன செய்யும்? மேஸ்திரி எழுதித் தர மறுத்துவிட்டார். "வந்து பாருங்கள்" என்று என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் ஓர் அரசங்கன்று விரல் கனத்துக்கு வேர் விட்டிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை மாடிக்குப் போகிற நான் அதைப் பார்த்ததே இல்லை.

இப்போது 2010-ல் நான் செய்த சீர்திருத்தத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கையில் கொஞ்சம் நிலுவைப் பணம் வந்தது. கூரையைப் "பலப்படுத்துவது" என்று தீர்மானித்து, பழைய தட்டோட்டின் மேலேயே ஸிமெண்டுச் சாந்து பரப்பிப் புதிய ஓடு பதித்தேன். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் மாடியில் ஏற்றினேன். அப்போது உயிரோடிருந்த என் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை, "பழைய தளத்தை மூடாமல் செய்ய முடியாதா?" என்று மட்டும் கேட்டார். படித்தவன் என்ற செருக்கில் நான் பதில் சொல்லவில்லை.

எஞ்சினீயர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2 அங்குலக் கனத்துக்குச் சாந்தும் ஓடும் பரப்பினால், 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1 டன் எடை. தொட்டி நிறைந்தால் அது தனியாக 1 டன். "பெரிய ஆட்கள் முப்பது பேரைக் கூரைமேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டீர்கள். இறங்கச் சொல்லத்தான் மறந்துவிட்டீர்கள்" என்றார். இதைவிட மோசமான சங்கதி ஒன்றும் உண்டு. சுண்ணாம்புத் தளம் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் விட்டுவிடும். மேலே ஸிமெண்டு மூடியிருந்தால், விரிசல் வழியே உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. அது கீழ்நோக்கித்தான் நகர வேண்டும். கட்டையைத்தான் சேர வேண்டும். இதன்மேல் ரசாயனப் பூச்சும் பூசியிருந்தால், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு இன்னொரு மூடி போட்டதாக ஆகியிருக்கும்.

சுண்ணாம்பின் பெருமையைப் பேசினால் நான் பழம்பெருமைக்காரன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஸிமெண்டின் மேல் எனக்கு விரோதம் இல்லை. இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-ல் போர்ட்லண்ட் ஸிமெண்டுக்கு உரிமை வாங்கினார். நம் தேசத்தில் 1904-ல் சென்னையில் கடற்கிளிஞ்சலைக் கொண்டு ஸிமெண்டு செய்து பார்த்தார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் நிலைத்தது, காந்தியடிகள் பிறந்த போர்பந்தரில். அதே காந்தியடிகள் 1937-ல் "ஹரிஜன்" பத்திரிகையில், லட்சிய கிராமத்தின் வீடுகள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும் என்று எழுதினார். வேடிக்கைதான்! நிற்க, சங்கதி இதுதான்: ஸிமெண்டு வீட்டுக்கு ஸிமெண்டும் சுண்ணாம்பு வீட்டுக்குச் சுண்ணாம்பும் பொருந்தும். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றியது நான்.

தை மாதம் பிறந்து மழை நின்றதும் பரீட்சை நடந்தது. மாடி முழுவதும் தண்ணீரைத் தேக்கிப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். எஞ்சினீயர் பதறிப் போனார். 1 அங்குல உயரத்துக்குத் தேக்கினாலே 100 சதுர அடிக்கு 236 கிலோ ஆகுமாம். ஆகவே முதலில் அறையில் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தோம். பிறகு ரப்பர்க் குழாயால் ஒவ்வோர் இடமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டோம். கீழே அம்மாவும் என் பெண்ணும் கடிகாரத்தோடு காவல். மாடியின் நடுவில் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அரசங்கன்று இருந்த மூலையில் விட்டபோது, நாற்பது நிமிஷம் கழித்து, நாலடி தள்ளி ஓர் இடத்தில் கசிந்தது. தண்ணீர் புகுந்த இடம் ஒன்று, சொட்டிய இடம் வேறு! ஆனால் அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த கறை அன்று காலை, நாங்கள் தண்ணீர் விடுவதற்கு முன்பே, ஈரமாக இருந்தது.

எஞ்சினீயர் அம்மாவைப் பார்த்து, "இந்த ஈரம் எப்போதிலிருந்து இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார்.

"சித்திரையிலேயே இருந்தது, ஐயா. கத்திரி வெயிலில் கூட இருந்தது. இவனிடம் சொன்னேன். பழைய கறை என்றான்" என்றாள் அம்மா.

சித்திரை மாதத்தில் மழை ஏது? மேலே போய்ப் பார்த்தோம். தொட்டி நிரம்பி வழியும் குழாயின் மூட்டு ஒன்று விட்டுப் போயிருந்தது. தினமும் காலையில் மோட்டாரை நிறுத்த மறந்த போதெல்லாம், வழிந்த தண்ணீர் நேரே ஓட்டின் அடியில் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்காரப் பையன் சொன்னது சரி! மூன்று நிபுணர்களையும் ஓர் உபாத்தியாயரையும் தோற்கடித்துவிட்டான். எட்டு மாதமாக அந்தக் கறைக்கு நேர் கீழே படுத்திருந்தவளை, நானும் சரி, வந்தவர்களும் சரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓட்டைப் பேர்த்தெடுத்த பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் குத்திப் பார்த்தார் மேஸ்திரி. நல்ல தேக்கில் முனை இறங்காது. 14 கட்டைகளில் 12 கல்லைப் போல இருந்தன. தொட்டியின் கீழே இருந்த இரண்டு மட்டும், சுவருக்குள் புதைந்த நுனியில், ஈர ரொட்டியைப் போல் இருந்தன. கட்டையின் நுனிதான் முதலில் கெடும். நனைந்த சுவருக்குள் காற்றுப் படாமல் இருப்பது அதுதானே! என் மனைவியின் பயம் வீண் பயம் அல்ல. இன்னும் ஒரு மழைக்காலம் அவை தாங்கியிருக்குமா என்று கேட்டேன். எஞ்சினீயர் பதில் சொல்லவில்லை. மேஸ்திரியும் பதில் சொல்லவில்லை. இருவரும் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அது.

ஏனென்றால் மற்ற விஷயங்களில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. மாற்றுக் கட்டைக்கு இரும்பு போடலாம் என்றார் எஞ்சினீயர்; இடித்த வீட்டுப் பழந்தேக்கு வேண்டும் என்றார் மேஸ்திரி. இந்த முறை நான் என் கேள்வியைக் கேட்டேன்: "உங்கள் யோசனை தவறாயிருந்தால் என்ன ஆகும்?" இரும்பு துருப்பிடித்தால் சுவரைப் பிளக்கும் என்பதை எஞ்சினீயரே ஒப்புக்கொண்டார். பழந்தேக்கே வாங்கினோம். வெல்லமும் கடுக்காயும் அவசியமா என்பதில் நடந்த விவாதத்தை விவரித்தால் இந்த இதழ் போதாது. வெல்லம் போட்டோம். வெல்லத்துக்கு ஆன செலவு அதிகமில்லை; எறும்புகளுக்குத்தான் உற்சவமாக இருந்தது. தட்டுவதற்குப் பழக்கமான பெண்கள் நால்வரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேஸ்திரி தேடிப் பிடித்து வந்தார். அவர்களில் இளையவளுக்கே ஐம்பது வயதிருக்கும்.

2024 பங்குனியில் வேலை முடிந்தது. தொட்டியைப் பின்புறத்துக் கான்கிரீட் குளியலறையின் மேல் மாற்றினோம். மொத்தச் செலவு 3 லட்சத்து 60 ஆயிரம். மேஸ்திரியின் நாள் கூலிக் கணக்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் அவரும் உட்கார்ந்து பார்த்தோம்; ஆகவே சண்டை வரவில்லை. காண்டிராக்டர் ஒரு நாள் தெருவில் பார்த்து, "பத்து வருஷத்தில் என்னைத்தான் கூப்பிடப் போகிறீர்கள், ஸார்" என்றார். கூப்பிடும்படி ஆனாலும் ஆகலாம். அவர் அயோக்கியர் அல்லர். முன்கட்டில் இருந்தவை தேக்காக இல்லாமல் உளுத்த நாட்டுக் கட்டைகளாக இருந்தால் நானே அவரைத்தான் அழைத்திருப்பேன். என் பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்கு நான் 2010-ல் பூசிய ஸிமெண்டுப் பூச்சு இன்னும் உப்புப் பூத்துப் பொரிந்துகொண்டிருக்கிறது. அதைக் கொத்திவிட வேண்டும் என்கிறார் மேஸ்திரி. அடித்தளத்து ஈரத்தை முதலில் தடுக்க வேண்டும் என்கிறார் எஞ்சினீயர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அந்த வருஷத்து ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எனக்கே விழிப்பு வந்து, கைவிளக்கை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். கூரை உலர்ந்திருந்தது. அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பித்தளைப் போகிணி மட்டும் பழைய இடத்தில், கட்டிலின் ஓரத்தில், தயாராக வைக்கப்பட்டிருந்தது.